தானாகக் கிளம்பிய புளோயர்

உங்கள் அம்மாவின் வலது கையில் இரண்டு விரல் இல்லாததற்கு மில்லில் நடந்த விபத்துதான் காரணம் என்று உங்களுக்குத் தெரியும். அதில் என் பங்கு என்ன என்று நான் சொன்னதில்லை. இப்போது எழுதி வைக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் அந்த அரிசி மில். அவித்த நெல்லைக் காயவைக்கும் டிரையர் என் பொறுப்பு. உமி அடுப்பின் சூட்டை அதற்குள் ஊதுகிற புளோயர் ஓர் ஆள் உயரம் இருக்கும். அதன் மோட்டார் எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். காற்று அதிகமானால் குழாயில் இருக்கும் தகட்டைப் பாதி மூடுவேன். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே சைக்கிள் மிதிப்பது போலத்தான், கரண்ட் வீண். வெளிநாட்டுச் சாமான்கள் நம் ஊர்ப் பக்கம் வரத் தொடங்கிய காலம் அது. முதலாளி டிரைவ் என்ற பெட்டி ஒன்றை வாங்கினார். அதில் குமிழைத் திருகினால் மோட்டாரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எங்கள் மில்லில் ஒரு பழக்கம் இருந்தது. கரண்ட் போனதும் உங்கள் அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் புளோயரின் பக்கக் கதவைத் திறந்து, இறக்கைகளில் அப்பியிருக்கும் சாம்பலைச் சுரண்டுவார்கள். கரண்ட் திரும்பினாலும் நான் மாடியேறிப் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். ஏறுவதற்கு முன் "வெளிய வாங்க!" என்று கத்துவேன். அந்தக் கத்தல்தான் அவர்களுக்குக் காவல்.

டிரைவ் மாட்ட வந்த மெக்கானிக் மறுவாரம் துபாய்க்குக் கிளம்ப வேண்டியவர்.

"அண்ணே, கரண்ட் வந்ததும் தானா ஓடுற மாதிரி வச்சு விடவா?"

ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கரண்ட் போகும். எனக்கு முழங்கால் வலி.

"வச்சு விடுங்க தம்பி. புண்ணியமாப் போவும்."

"உள்ள யாரும் கை வைக்க மாட்டாங்களே?"

"ஓடுற புளோயர்ல எவன் கை வைப்பான்?" என்று சிரித்தேன். நிற்கிற புளோயர் என் நினைப்பில் வரவில்லை.

முதல் இரண்டு நாளும் கரண்ட் போன வேகத்தில் வந்துவிட்டது. பழைய மோட்டார் கிளம்பினால் தரையே அதிரும். இது சத்தமில்லாமல் தானாக எழுந்து, மெல்ல மெல்ல வேகம் பிடித்தது.

"என்னங்க இது, மாமியா வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையாட்டம் பூனை நடை நடக்குது!" என்றாள் உங்கள் அம்மா. மற்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அந்த அமைதி என்னவோ பிடிக்கவில்லை. ஏன் என்றும் விளங்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது. இந்தத் தடவை உடனே வரவில்லை. அவள் கதவைத் திறந்து, சிலுவை போட்டுக்கொண்டு, கையை உள்ளே விட்டாள். நான் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். மேலே பல்பு எரிந்தது. கத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான்தான் படியேறவில்லையே. இறக்கை அசைவதைப் பார்த்தேன்.

"என்னங்க..." என்றாள். அவ்வளவுதான்.

"மெதுவாக் கிளம்புனதால ரெண்டு விரலோட போச்சுய்யா. பழசா இருந்தா கையே போயிருக்கும்," என்று ஆஸ்பத்திரியில் முதலாளி தேற்றினார். பழசு என் கை படாமல் கிளம்பியே இருக்காது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை.

மெக்கானிக் துபாய் போய்விட்டார். அந்தப் பெட்டி தானாகக் கிளம்புவதை மாற்றி வைக்கத் தெரிந்தவர் சுற்றுவட்டாரத்தில் யாரும் இல்லை. மூன்று மாதம் கழித்து உங்கள் அம்மா வேலைக்குத் திரும்பினாள். அன்றும் கரண்ட் போனது. அவள் கதவுப் பக்கம் போகாமல் மாடியேறினாள். மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கி வந்தாள்.

"அந்தத் தம்பிகிட்ட நீங்க பேசுனது அன்னிக்கே என் காதுல விழுந்துச்சுங்க," என்றாள். "கேட்டுட்டு நானும்தான் கைய விட்டேன். டீயக் குடிங்க."

பிறகு இடது கையை உள்ளே விட்டாள்.