பெட்டிக்குப் பின்னால் தெரியும் தெரு

பிணத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் யேசுதாஸ் போட்டோவைப் பார்ப்பார். அவருக்கு வேண்டியது பின்னால் தெரிகிற தெரு. "தோ பாருங்க சார், இங்கதான் ஐஸ் டிப்போ இருந்துச்சு. இப்ப அபார்ட்மென்ட்டு கீது."

ராயபுரத்தில் அவருடைய தெருவை அந்தக் காலத்தில் எவரும் படம் எடுத்ததில்லை. எடுக்க அங்கே என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். யாராவது செத்தால் மட்டும் ஸ்டுடியோக்காரர் கேமராவோடு வருவார். சவப்பெட்டியை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து, தலைமாட்டைத் தூக்கிச் சரித்து வைப்பார்கள். தலைமாட்டில் மூத்த மகன், சுற்றிலும் வீட்டார், பின்னால் அக்கம்பக்கம். கோயிலுக்கு எடுத்துப் போகும் முன் அப்படி ஒரு படம். ஆகவே அந்தத் தெருவின் பழைய கோலம் முழுவதும் சாவுப் படங்களில்தான் இருக்கிறது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் யேசுதாஸ். அறுபதைத் தாண்டிவிட்டார். லுங்கியில் விரலைத் துடைத்துக்கொள்ளாமல் போட்டோவைத் தொடமாட்டார். எச்சில் தொட்டுப் புரட்டுகிறவர்களைக் கண்டால் எரிந்து விழுவார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே பக்கத்து இலைக்காரரிடம், "உங்க வூட்ல சாவு போட்டோ ஏதாச்சும் கீதா?" என்று கேட்டவர். "நல்லது நடக்கிற எடத்துல ஏன்யா இத்த கேக்கற?" என்று மனைவி சுகிர்தம் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் மாட்டினால் பிள்ளைகள் பயப்படுகின்றன, கிழித்துப் போடவும் மனசு வரவில்லை. யாராவது வாங்கிக்கொண்டால் புண்ணியம்.

எதிர்வீட்டு அத்தாவுல்லா பாயின் தாத்தா வைத்திருந்த வாடகை சைக்கிள் கடை ஒரு படத்தில் அகப்பட்டது. பாய்க்குக் கையும் காலும் ஓடவில்லை. "கடைய மட்டும் காப்பி போட்டுக் குடு மாமு, பொணம் வேணாம்." யேசுதாஸ் மறுத்துவிட்டார். "அவரு சாவலன்னா ஒங்க கடையே வந்திருக்காது பாய். ரெண்டு பேரும் ஒண்ணாவே இருக்கட்டும்." பாய் முணுமுணுத்துக்கொண்டே அப்படியே வாங்கிப் போனார்.

தெருவின் சரித்திரம் என்று நாம் பெரிதாகப் பேசினால் யேசுதாஸ் சிரிப்பார். அவர் தேடுவது ஒரே ஓர் ஆளை. அவருடைய அப்பா அம்புரோஸ், யேசுதாஸ் தவழ்ந்துகொண்டிருந்தபோது மீன்பிடிக்கப் போனவர், திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை, அதனால் பெட்டியும் இல்லை, படமும் இல்லை. வேறு போட்டோ எதற்கும் அவர் நின்றதும் இல்லை. "இந்தத் தெருவுல ஒரு சாவு வுடமாட்டாராம் எங்க நைனா. எதுலயாச்சும் நின்னுகினு இருப்பாரு சார்."

நின்றாலும் யேசுதாஸுக்கு அடையாளம் தெரியாது. தெரிந்தவர் அக்கா சிலுவையம்மாள் ஒருவர்தான். சர்க்கரையில் அவருக்கு ஒரு கண் போய்விட்டது, மற்றதும் மங்குகிறது. "அதுக்குள்ள நைனா மூஞ்ச ஒரு தபா பாத்துடணும்" என்பார் யேசுதாஸ். கிடைக்கிற படத்தையெல்லாம் அக்காவிடம் கொண்டுபோவார். அக்கா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் யேசுதாஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவும் வந்திருந்தார். தெருக்கோடி ஜெரி, வீட்டை இடிக்கப் போவதால் பரணைக் காலி பண்ணி ஒரு படம் கொடுத்திருந்தார். சிலுவையம்மாள் அதை ஜன்னலோரம் கொண்டுபோய், மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, கூட்டத்தில் துண்டால் முகத்தைப் பொத்தி அழுதுகொண்டிருந்த ஒருவர்மேல் விரலை வைத்தார்.

"நைனாடா."

"மூஞ்சே தெரியலியேக்கா!"

"கையப் பாரு. சுண்டு வெரலு கீதா? வலைக்கயிறு அறுத்துகினு போச்சுல்ல. நைனாதான்டா!"

யேசுதாஸ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சுண்டு விரல் இல்லை. படத்தை இப்படியும் அப்படியும் சாய்த்தார், ஏதோ சாய்த்தால் துண்டு விலகிவிடும் என்பதுபோல. இத்தனை வருஷம் தேடிய மனிதருக்குக் கடவுள் இதையா காட்டவேண்டும்?

"சரி, வுடு" என்றார் கடைசியில்.

எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தெருவில் போட்டார். அந்தப் போட்டோவை அதில் சாய்த்து நிறுத்தினார். சுகிர்தம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். அக்காவைக் கைபிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஹார்ன் அடித்துக்கொண்டு வந்த ஆட்டோவை அத்தாவுல்லா பாய் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தானும் பின்னால் போய் நின்றார்.

யேசுதாஸ் தன் போனை என்னிடம் கொடுத்தார். "கொஞ்சம் பின்னால போங்க சார். தெருவும் வரணும்." போய் நாற்காலியின் தலைமாட்டில், மூத்த மகன் நிற்கிற இடத்தில் நின்றார்.

நான் போனைத் தூக்கினேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார்.

"அண்ணே, முகம் தெரியல" என்றேன்.

துண்டை எடுக்கவில்லை.