மரகதம் டீச்சர் சொன்ன வலி

"டீச்சர், அக்கா போயிட்டாங்க" என்று மரகதம் டீச்சரின் தம்பி கதிர்வேல் போனில் சொன்னபோது நான் பொள்ளாச்சி பஸ்ஸில் இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டார் என்றே எடுத்துக்கொண்டு, "நல்லதுங்க, கஞ்சி குடிச்சாங்களா?" என்று கேட்டேன். கதிர்வேல் அழத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில் டீச்சர் கணக்கு எடுத்தார், நான் தமிழ். முகம் பார்த்துப் பேசாததால் அவரைத் திமிர் பிடித்தவர் என்றவர்கள் உண்டு. தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் பல ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டார். மதியச் சாப்பாடு பல நாள் பெட்டியிலேயே இருக்கும். "பசிக்கறது எனக்குத் தெரியறதில்லீங்க. கை நடுங்குனாத்தான் தெரியும்" என்பார்.

நாற்பதைத் தாண்டிய பிறகு, பாலக்காட்டு மருத்துவர் ஒருவர் அவருக்கு ஆட்டிசம் என்றார். அதை ஆசிரியர் அறையில் டீச்சரே சொன்னார்.

"அது குழந்தைகளுக்கு வர்றதுதானுங்களே?" என்றார் ஒருவர்.

"அந்தக் குழந்தைக வளரமாட்டாங்களா?" என்றார் டீச்சர்.

அன்று அவருக்கு நிம்மதியா வருத்தமா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

சென்ற மாதம், வருகைப்பதிவு எடுக்கும் அதே குரலில், "வயிறு வலிக்குதுங்க. ரொம்ப" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வலி பத்துக்கு எவ்வளவு என்று மருத்துவர் கேட்டார். "பத்துன்னா எப்படி இருக்கும்ங்க?" என்று திருப்பிக் கேட்டார் டீச்சர். அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரைக் கேட்டதும், மனப்பதற்றம்தான் என்று முடிவாயிற்று. "இவங்க வலி முகத்துல தெரியாதுங்க" என்று மன்றாடினேன். வாயுவுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் மயங்கி விழுந்தார். குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்தது. அறுவைக்குப் பிறகு தேறுவதுபோலத்தான் தெரிந்தது. யாரும் தொடுவதை விரும்பாதவர், பார்க்கப் போன என்னிடம், "பயமா இருக்குதுங்க. ஒரு விரலை மட்டும் பிடிச்சுக்கறீங்களா?" என்றார். பிடித்துக்கொண்டேன். அதன்பின் அவரை உயிரோடு பார்க்கவில்லை. யார்மீது கோபப்படுவதென்று இன்றுவரை தெரியவில்லை.

அடக்கத்தன்று கொட்டு மேளமும் வெடியும் வேண்டாமென்றார் கதிர்வேல்.

"கொட்டு இல்லாம எப்படீங்க?" என்றனர் உறவினர்கள்.

"சத்தம் அக்காளுக்கு ஆகாதுங்க."

ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். தூக்கிச் சென்றவர்களின் காலடி மட்டும் கேட்டது. அழுது கூப்பிட்டு யாரும் உங்களை நிறுத்தமாட்டோம். நிதானமாகப் போங்கள், டீச்சர்.