கடலுக்கு ஒரு புளி உருண்டை

எண்பதுகளின் நடுவில், நான் பினாங்குத் தீவின் கெலுகோரில், பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியல் படித்துக்கொண்டிருந்த காலம். பினாங்கிலிருந்து படகில் போனால் பவளப்பாறை சூழ்ந்த ஒரு குட்டித் தீவு வரும். அங்கே போகிற படகுகளெல்லாம் பவளத்தின் மேலேயே நங்கூரம் போட்டு நொறுக்கிக்கொண்டிருந்தன. கடலடியை வரைபடமாக்கி, மணல் உள்ள இடத்தில் மிதவை கட்டிவிட்டால் படகுகள் அதில் கட்டிக்கொள்ளும். அந்த வேலைக்கு எங்கள் விரிவுரையாளர் என்னையும் கூட்டிப்போனார்.

சுங்கை பினாங் வீட்டில் அம்மாவுக்கு நான் கடலுக்குப் போவதே பிடிக்கவில்லை. குமட்டினால் வாயில் அடக்கிக்கொள் என்று பெரிய புளி உருண்டை ஒன்றைப் பையில் திணித்துவிட்டார். படகில் ஏறியதும் படகோட்டி அண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

"என்னா தங்கச்சி, கடல்லயே ரசம் வைக்கப் போறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மானமே போயிற்று.

அன்று தண்ணீர் கலங்கிக் கிடந்தது, முங்கிப் பார்க்க வழியில்லை. ஒலியை அனுப்பி அளக்கும் கருவி ஆழத்தைச் சொல்லும். அடியில் மணலா பாறையா என்று சொல்லாது. அதற்கு ஈயக்குண்டுதான். அதன் அடிக்குழியில் சோப்பை அப்பிக் கயிற்றில் இறக்குவோம். மணலென்றால் ஒட்டிக்கொண்டு வரும், பாறையென்றால் வெறும் தழும்போடு வரும்.

பாதி வேலையில் இன்ஜின் நின்றது. அதைச் சரிசெய்த அண்ணன், எண்ணெய்க் கையைக் கழுவ, இருந்த ஒரே சோப்பையும் எடுத்தார். வழுக்கிக் கடலுக்குள் போய்விட்டது. மறுநாள் மிதவைக்கான கான்கிரீட் கட்டையை இறக்க ஆட்கள் வருகிறார்கள். இடம் தப்பினால், காப்பாற்ற வந்த நாங்களே பவளத்தை நசுக்கிவிடுவோம். விரிவுரையாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை முட்டியது, குமட்டலும் சேர்ந்துகொண்டது.

புளியை எடுத்தேன். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. வாய்க்குப் போக வேண்டியதைக் குண்டின் குழியில் வைத்து அழுத்தினேன். குண்டை இறக்கி மேலே இழுத்தபோது புளி முழுக்க வெள்ளை மணல். சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்.

"தங்கச்சி, இன்னும் கொஞ்சம் புளி குடு லா" என்று கை நீட்டியவர் அதே அண்ணன்தான்.

பொழுது சாய்வதற்குள் இடம் குறித்தாயிற்று. கடைசித் துண்டையும் குண்டுக்கே கொடுத்துவிட்டதால் திரும்பும் வழியெல்லாம் எனக்கு வாந்தி. வாந்திக்கு நடுவிலும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

"உனக்குக் குடுத்தேனா, கடலுக்குக் குடுத்தேனா?" என்று, நடந்ததைக் கேட்ட அம்மா கோபித்துக்கொண்டார். ஆனால் அடுத்த பயணத்துக்கு இரண்டு உருண்டை உருட்டி வைத்திருந்தார், ஒன்று எனக்கு, ஒன்று கடலுக்கு. அந்தத் தீவைக் கண்ணாலும் பார்க்காத என் அம்மாவுக்கு அங்குள்ள பவளத்தில் ஒரு பங்கு உண்டு என்று, ரசத்துக்குப் புளி கரைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், மனசு நிறைந்துவிடும்.