கணேசபாண்டியன் நிரப்பிய கிணறு

மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழையிலை விற்கும் கணேசபாண்டியனை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். செம்பூரில் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கும் இலை அவரிடம்தான். கிழிந்திருக்கிறதே என்று யாராவது முணுமுணுத்தால், "கிழியாத இலை வேணும்னா பிளாஸ்டிக்ல வாங்கிக்கிடுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். இப்பேர்ப்பட்ட வாய்க்காரர், சர்வே என்று காதில் விழுந்தால் மட்டும் ஆடிப்போவார்.

காரணம் இருக்கிறது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்து, தாராவியில் கோலி என்று சொல்லும் ஒற்றை அறை வீட்டில் குடும்பம் நடத்தியவர். தாராவியை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி எத்தனையோ முறை கணக்கெடுக்க வந்திருக்கிறார்கள். ஒருமுறை அவருடைய தம்பி பேச்சிராஜா கோயில் கொடை விழாவுக்கு ஊருக்குப் போயிருந்த நேரம். பூட்டிய கதவைப் பார்த்தவர்கள் ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகு எவ்வளவு அலைந்தும் புது வீடு கிடைப்பவர்கள் பட்டியலில் தம்பியின் பெயர் ஏறவில்லை. இப்போது தூரத்தில் சீத்தா கேம்ப் என்ற குடிசைப் பகுதியில் வாடகைக்கு இருக்கிறான். அன்றிலிருந்து அண்ணாச்சி வீட்டில் ஒரே சட்டம்தான். சர்வேக்காரர்கள் வந்தால் வீடு நிறைந்திருக்க வேண்டும். அடுப்பு எரியும், டிரம்மில் தண்ணீர் தளும்பும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக்கூட இரவல் வாங்கி உட்கார வைப்பார். இதைக் கேட்டுத் தாராவியில் யாரும் சிரிக்க மாட்டார்கள். எல்லோரும் செய்வதுதான்.

இலையை வாங்கி விற்பதில் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்று, அம்பர்நாத்தைத் தாண்டி ஆற்றோரமாக ஒரு மராத்திக்காரரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வாழை போட்டார். மனைவி பேராச்சி அங்கேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கிவிட்டார். இலைக்கட்டுகள் லோக்கல் டிரெயினின் லக்கேஜ் பெட்டியில் மாட்டுங்கா வந்து சேரும். கோடையிலும் வற்றாத கிணறு. பக்கத்து நிலத்தில் சரளை தோண்ட ஒரு கம்பெனி வந்த பிறகுதான் வற்றத் தொடங்கியது.

மழைக்காலத்தில் ஆறு விரிந்து பாயும் நிலம் அது. மண்ணுக்கு அடியில் கனமான சரளை அடுக்கு இருக்கிறது. கிணறுகளுக்கு வரும் தண்ணீர் அதில்தான் நிற்கிறது. தண்ணீர் மட்டத்துக்கும் கீழே தோண்டி, ஊறுவதைப் பம்பு வைத்து இறைத்தால், சுற்றியிருக்கும் கிணற்றுத் தண்ணீரெல்லாம் குழிக்குத்தான் போகும். அதை அளந்து சொல்வது என் வேலை. நான் ஷ்யாமளா, நிலத்தடி நீர் ஆய்வாளர். குழியை அண்ணாச்சியின் வாழை வரைக்கும் பெரிதாக்கக் கம்பெனி அனுமதி கேட்டது. அதனால் பாதிப்பு வருமா என்று ஆராய எங்கள் அலுவலகத்தை அமர்த்தியதும் அதே கம்பெனிதான். தோண்டுகிறவனே அளக்கிறவளுக்கும் சம்பளம் தருவான். இதை நடைமுறை என்கிறார்கள்.

குழிக்கு அருகில் இருந்தது அண்ணாச்சியின் கிணறு ஒன்றுதான். மே மாதக் கடைசியில், கம்பெனி சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, டேப்பை இறக்கினேன். நுனி தண்ணீரைத் தொட்டால் கருவி கத்தும். எதிர்பார்த்ததில் பாதி ஆழம்கூட இறங்கவில்லை, கத்திவிட்டது. கூப்பிடு தூரத்தில் குழி வறண்டு கிடக்கிறது, இங்கே இவ்வளவு தண்ணீரா? குனிந்தேன். குளோரின் வாடை அடித்தது. அதற்குள் சூப்பர்வைசர் அளவைக் குறித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

"அண்ணாச்சி, இது ஏது தண்ணி?"

"டாங்கர் தண்ணி மேடம்," என்றார் பெருமையாக. "நீங்க வாரதுக்குள்ள ஊத்தி முடிக்கணும்னு காலைலயே ஆள வரச் சொல்லிட்டேன்."

"எதுக்கு ஊத்தினேள்?"

"கெணறு காஞ்சு கெடந்தா என்ன எழுதுவாவ? தரிசுன்னு எழுதி, கம்பெனிக்காரனுக்கே கொடுத்திருவாவ. சர்வேன்னா நெறஞ்சு இருக்கணும் மேடம். நாங்க பாக்காத சர்வேயா?"

"ஐயோ அண்ணாச்சி! காஞ்சு கெடந்தாத்தானே அவா தோண்டினதால காஞ்சுதுன்னு நான் எழுத முடியும்? இப்போ குழிக்குப் பக்கத்துலயே தண்ணி நன்னா இருக்குன்னு ஆயிடுத்தே!"

அவர் கிணற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பேராச்சி தலையில் அடித்துக்கொண்டார். "மேடத்துட்ட ஒரு போன் போட்டுக் கேளுங்கன்னு சொன்னேம்லா. கேட்டியளா?"

அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல எனக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது.

மறுநாள் நான் மட்டும் போய் அளந்தேன். கிணற்றின் அடி தெரிந்தது. ஊற்றிய தண்ணீரெல்லாம் ஒரே இரவில் சரளை வழியாகப் போய்விட்டிருந்தது. குழி கிணற்றை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இரண்டு அளவுகளையும், டாங்கர் விஷயத்தையும் ஒளிக்காமல் அறிக்கையில் எழுதினேன்.

என் மேலதிகாரி வேங்கடசுப்ரமணியன், பூஜை முடிக்காமல் காபியைத் தொடாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "கிணத்துக்காரனே தண்ணி ஊத்தியிருக்கான்னு நீயே எழுதியிருக்கே. அந்தக் கிணத்தை டேட்டால எப்படிம்மா வெச்சுக்கறது?" இன்னும் சில நாள் அளக்கிறேன் என்று கெஞ்சினேன். மழை வந்துவிடும், கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்றார். அந்தக் கிணறு அறிக்கையிலிருந்தே காணாமல் போனது. மற்றதெல்லாம் தூரத்துக் கிணறுகள். அவற்றில் தண்ணீர் இருந்தது. ஆகவே பாதிப்பு இல்லை.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அண்ணாச்சியை வரவழைத்தேன். எழுந்து நின்று ஹிந்தியில் எல்லாவற்றையும் சொன்னார். கிணறு வறண்டுதான் கிடந்தது, நான்தான் ஊற்றினேன், தப்பு என்னுடையது என்றார். கம்பெனி வக்கீல் அவரைப் பார்த்துக் கைகூப்பினார். இந்த ஆள் மோசடி செய்ததை இவரே ஒப்புக்கொண்டுவிட்டார், மிக்க நன்றி என்றார். கூட்டம் சிரித்தது. நான் பேச எழுந்தேன். அறிக்கை தயாரித்த அலுவலகத்துக்காரர் கருத்துச் சொல்லக் கூடாது என்று உட்கார வைத்துவிட்டார்கள். அந்த மாதமே வேலையை விட்டேன். அதனால் யாருக்கும் ஒரு வாளித் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

கம்பெனிக்கு அனுமதி கிடைத்தது. வாழை நின்றபடியே காய்ந்தது. அண்ணாச்சி பழையபடி அடுத்தவர் இலையை வாங்கி விற்கிறார். போன வாரம் மார்க்கெட்டில் என்னைப் பார்த்ததும் வியாபாரத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"மேடம், அடுத்த சர்வே எப்பம்? பேராச்சி இன்னும் அங்கனதான் இருக்கா. கம்பெனிக்காரன் எனாமா டாங்கர் அனுப்புதான். கெணத்துல ஒரு சொட்டு ஊத்தக் கூடாதுன்னு திருப்பி அனுப்பிட்டா. குடிக்க, பொழங்க எல்லாம் ரோட்டு மேலேருந்து கொடத்துல சொமக்கா. இந்த வாட்டி பக்காவா காய வச்சிருக்கோம். நீங்க எப்ப வேணும்னாலும் வந்து அளந்துக்கிடலாம்."

"அடுத்த சர்வே கிடையாது அண்ணாச்சி."

"ஒரு தடவதானா?"

"ஒரு தடவைதான்," என்றேன்.