அடுப்புப் பலகையில் டேப்லெட்

மூணாறுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் என்ற ஊரில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீடு. மழைக்காலம் வந்தால் தீப்பெட்டி முதல் பைபிள் வரை எல்லாம் அடுப்புக்கு மேலே உள்ள பலகைக்கு ஏறிவிடும். கீழே வைத்தால் நமத்துப்போகும், பூசணம் பிடிக்கும். டேப்லெட்டையும் அங்கேதான் வைத்தேன். ஜெபக் கூட்டத்தில் என் வீட்டுக்காரர் சுருதி சேராமல் பாடிய பாட்டு அதில் பதிவாகியிருந்தது. அவர் இறந்த பிறகு அந்தக் குரல் வேறெங்கும் இல்லை.

முதலில் சார்ஜ் நிற்கவில்லை. பிறகு முதுகு உப்பியது. ஒருநாள் அடியோடு அணைந்துவிட்டது. மூணாறில் பேட்டரி கிடைக்காமல் உடுமலைப்பேட்டைக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் கழற்றிப் பார்த்தார். "பேட்டரி உப்பி உள்ள போர்டையே ஒடச்சிருச்சுங்க அக்கா. புதுசு போட்டாலும் உசுரு வராது. சூட்டுல எங்கயாச்சும் வெச்சீங்களா?"

"எங்க ஊர்ல ஏதுய்யா சூடு? வருசம் முச்சூடும் குளிருதான்" என்று எரிந்து விழுந்தேன். சொல்லும்போதே அடுப்புப் பலகை கண்முன் வந்து நின்றது.

திரும்பும் வழியெல்லாம் மழை. பையெல்லாம் நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். டேப்லெட்டை முந்தானையால் துடைத்தேன். ஈரம் காயட்டும் என்று கை தானாக அதைப் பலகையில் வைத்தது.

பார்த்தேன். எடுக்கவில்லை. இனி கெடுவதற்கு அதில் என்ன இருக்கிறது?