மாப்பிள்ளை முறையில் ஒரு நர்ஸ்

இடுப்பொடிந்து கிடந்த கிழவியின் முதுகை யார் துடைத்தார்கள் என்று தெரிந்துகொள்வதில் உங்களுக்கு அப்படி என்ன ஆசை? உலை வைத்து இறக்கியாகிவிட்டதா? ஆட்டுக்குக் குழை போட்டாகிவிட்டதா? இல்லையென்றால் போய் முதலில் அதைப் பாருங்கள். வேலையை முடித்தவர்கள் மட்டும் உட்காருங்கள். உட்கார முடிவதே ஒரு வரம் என்பது எனக்குப் படுத்துக் கிடந்தபோதுதான் தெரிந்தது.

கடலைக் கொல்லைக்குள் புகுந்த ஆட்டை விரட்டப் போய் வரப்பில் சறுக்கி விழுந்தேன். ஆடு தப்பித்துக்கொண்டது, என் இடுப்பு எலும்பு தப்பவில்லை. இலுப்பூர் வழியாக ஆம்புலன்ஸில் கொண்டுபோய்ப் புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலில் பட்டை சுற்றி, கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் எடையைத் தொங்கவிட்டார்கள். கிணற்று வாளிக்குக்கூட அவ்வப்போது ஏறி இறங்க வாய்க்கும். எனக்கு அதுவும் இல்லை.

“திங்கக்கெழம ஆப்பரேசன் பாட்டி. ஆனா முதுகுல படுக்கைப் புண்ணு வந்துருச்சுன்னா தள்ளிப் போடணும். தள்ளிப் போடப் போட, அப்பறம் நடக்குறது கஷ்டம்” என்றார் டாக்டர்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேசும்போதுகூட ஓரிடத்தில் நின்று பேசாதவள் நான். முதுகுக்குக் கீழே கட்டெறும்பு ஊர்வது போலவே இருந்தது. தலையணையை இழுப்பேன், தள்ளுவேன், ஃபேனைத் திட்டுவேன். என் மருமகள்தான் துணைக்கு இருந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் “புண்ணு வந்துருச்சா பாரு” என்பேன். “வரல அத்தை. நீங்க கூப்புடுற கூப்பாட்டுலதான் வந்துரும் போலருக்கு” என்பாள்.

சிஸ்டர் ஒருவர் நேரம் தவறாமல் வந்து, என்னைத் தூக்கிப் பிடித்து, முதுகைத் துடைத்து, ஈரம் போக ஒற்றிவிட்டுப் போவார். சனிக்கிழமை காலையில் அவரை வேறு வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்குப் பதிலாக வந்து நின்றது, மீசை வைத்த ஒரு பிள்ளை.

“நீ யாருய்யா?”

“இன்னைக்கு நான்தான் ஒங்க நர்ஸ், பாட்டி.”

“நர்ஸா? மீசை இருக்கு?”

“மீசைக்குத் தனியா சம்பளம் கிடையாது பாட்டி. எல்லாரும் பிரதர்னு கூப்புடுவாங்க.”

வாயாடிதான், எனக்கு ஈடு கொடுப்பான் போலிருந்தது. “பொம்பள வேலைக்கு எதுக்குய்யா வந்த?” என்று சீண்டினேன். “யாரு சொன்னா பொம்பள வேலைன்னு? அந்தக் காலத்துலேயே சண்டையில அடிபட்டவுகளத் தூக்கிக் கட்டுப் போட்டதுல ஆம்பளைகளும் உண்டு. படிப்பு ஒண்ணுதான், பாட்டி” என்றான்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஊரையும் வீட்டையும் கேட்காமல் யாரோடும் பேசி முடிப்பதில்லை. என் நாக்கும் கேட்டுவிட்டது.

“எந்த ஊரு நீ?”

ஆவுடையார்கோவிலுக்குப் பக்கத்தில் ஓர் ஊரைச் சொன்னான். என் இளைய மகளைக் கட்டிக் கொடுத்த ஊர்.

“யாரு வீட்டுப் புள்ள?”

“கம்மாக்கரையில மோட்டார் ரிப்பேர் பாக்குறாகள்ல, அவுக மகன்.”

மோட்டார் ரிப்பேர்க்காரர் என் சம்பந்தியின் கூடப்பிறந்த தம்பி. அப்படியானால் இந்தப் பிள்ளை என் மருமகனுக்குச் சித்தப்பா மகன், தம்பி. எனக்கு மாப்பிள்ளை முறை. மாப்பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றினால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற சாதி நாங்கள். நிற்கவே முடியாத நான் எங்கே போவேன்? போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.

“வாங்க மாப்பிள்ளை” என்றேன்.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிச் சிரித்தாள். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. “இந்த வார்டுக்குள்ள எனக்கு மொறை எதுவும் கிடையாதுங்க. முதுகு பாக்கணும், திருப்பணும். சரிங்களா?” என்றான்.

“வேண்டாம். பழைய சிஸ்டரையே வரச் சொல்லுங்க.”

“அவுக சாயங்காலந்தான் வருவாக. ஒங்க சம்மதம் இல்லாம நான் தொட மாட்டேன். ஆனா நேரம் போனா தோலு தாங்காது. நீங்க வேணாம்னதையும் டாக்டர்கிட்ட சொல்லியாகணும்” என்றான். தள்ளிப் போனான். ஆனால் விடவில்லை. அடுத்த கட்டிலுக்கு வருவது போல வந்து என் முகத்தைப் பார்ப்பான். நான் சுவரைப் பார்ப்பேன்.

எரிச்சல் ஏறியது. அங்கிட்டு அசைந்தால் கால் இழுத்தது, இங்கிட்டு அசைந்தால் முதுகு காந்தியது. மருமகள் கையை விட்டுத் தடவி, குனிந்து எட்டிப் பார்த்தாள்.

“அத்தை, சூடா இருக்கு. செவந்துருச்சு.”

“தோலு கிழிஞ்சிருக்கா?”

“இன்னும் இல்ல. மாப்பிள்ளைக்கு மரியாதை குடுத்துட்டு, ஆயுசுக்கும் படுத்துக் கெடக்கப் போறீகளா?”

பக்கத்துக் கட்டில்காரி தன் பங்குக்கு, “மாப்பிள்ளைக்கு வெத்தலபாக்கு வச்சு அழைக்கணுமோ என்னமோ” என்றாள். அவளுக்குக் கால்தான் ஒடிந்திருந்தது, வாய் நன்றாகவே இருந்தது.

யோசித்தேன். மாப்பிள்ளையோடு முகம் பார்த்துப் பேசக்கூடாதே தவிர, மறைவில் நின்று வேறொருத்தி வழியாகச் சொல்லி அனுப்புவதில் குற்றமில்லை. காலங்காலமாக அப்படித்தானே மாமியார்கள் பேசுகிறோம்? முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

“ஏத்தா, அவுகள வரச் சொல்லு. வலப் பக்கந்தான் காந்துதுன்னு சொல்லு.”

அவன் வந்து, கட்டிலைச் சுற்றி முதலில் திரைச்சீலையை இழுத்துவிட்டான். பிறகு என்னிடம் பேசாமல் மருமகளிடம் பேசினான்.

“அக்கா, பாட்டிகிட்ட சொல்லுங்க. இப்பத் தூக்கப் போறோம். நீங்க அந்தப் பக்கம் பிடிங்க.”

“தூக்கச் சொல்லு” என்றேன் முந்தானைக்குள்ளிருந்து.

“முதுகு மட்டுந்தான் தொறப்பேன், மத்தது போர்வைக்குள்ள இருக்கும்னு சொல்லுங்க.”

“நல்லதுன்னு சொல்லு.”

“துடைக்கப் போறேன், சில்லுனு இருக்கும்னு சொல்லுங்க.”

“தெரியுதுன்னு சொல்லு!”

திரைக்கு வெளியே பக்கத்துக் கட்டில்காரி சிரித்துச் சிரித்து இருமினாள். அவன் சொல்லாமல் ஒரு விரல்கூட வைக்கவில்லை. முடித்ததும் முதுகு பெருமூச்சு விட்டது. அதன்பிறகு அவன் வரும் நேரம் பார்த்து நானே முந்தானையை இழுத்து மூடித் தயாராகக் கிடந்தேன். மறுநாளும் அவனேதான்.

திங்கட்கிழமை டாக்டர் முதுகைப் பார்த்தார். சிவப்பு வெளுத்திருந்தது, தோல் முழுசாக இருந்தது. “தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார். ஆப்பரேசன் ஆனது. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு அதே ஆட்டை மறுபடியும் விரட்டுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கம்பக்கத்துக்காரிகள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். செய்தி அவர்களுக்கு முன்னாலேயே வந்திருந்தது. “ஆம்பள நர்ஸாமே? ஒங்கள அவனா பாத்தான்?” என்று ஒருத்தி கன்னத்தில் கை வைத்தாள்.

“அவன் இவன்னு பேசாதடி, எங்க மாப்பிள்ளை” என்றேன். “என் முதுகுல ஒரு வடு இருக்கா, வந்து பாரு. ஒன் மாப்பிள்ளை தலைத் தீவாளிக்குக் கறி பத்தலன்னு கோவிச்சுக்கிட்டுப் போனவருதானே? நீ மட்டும் விழுந்துராதடியம்மா.”