தலைகீழாக மாட்டிய பவர் சப்ளை

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் டி.டி.பி. கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். ரிப்பேருக்கு வந்தவர் ஒல்லியானவர், சிரிக்காத முகம். என் வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல், காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையைப் பெட்டிமேல் வைத்தார். பிறகு திறந்து பார்த்தார்.

"பவர் சப்ளைய மாட்டினது யாரு வே?"

"நான்தான்."

"தலைகீழா மாட்டியிருக்கீரு. உள்ள இருக்க சூட்டை இழுக்க வேண்டிய ஃபேன், பெட்டியோட மேல் தகட்டைப் பாத்துல்லா சுத்துது!"

சட்டென்று என் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தினார். "அதுக்கும் இப்படித்தான் இருக்கும்."

வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். கையைத் தட்டிவிட்டு, "வெளிய போம் வே!" என்று கத்தினேன். அவர் அசையவில்லை. சரியாகத் திருப்பி மாட்டிவிட்டுத்தான் போனார்.

கம்ப்யூட்டர் அப்புறம் அணையவே இல்லை. அடுத்த வருஷம் பிரிண்டர் பழுதானபோதும் அவரைத்தான் கூப்பிட்டேன். வேலை முடியும்வரை நான் தெருவில் நின்றேன்.